சிவப்புக் குருணை

ஆள் வேறு, பேர் வேறு. கருஞ்சோலை எஸ்டேட்டில் இது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விடிகாலைப் பிரட்டில் எல்லாரும் களத்தில் வந்து நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரவேண்டும், அவ்வளவுதான். அது யார் குரல் என்று நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அந்த மூடுபனியில் கண்ணும் தெரியாது. காய்ச்சலில் கிடக்கிற அக்காள் பேருக்குத் தங்கை நிற்பாள். சாவு வீட்டுக்கு மலையிறங்கிய மாமன் பேருக்கு மருமகன் நிற்பான். இதைக் களவென்று யாரும் நினைத்ததில்லை. வீட்டுக்கு ஒரே ஒரு கம்பளி இருந்தால் மழையில் போகிறவர் எடுத்துப் போர்த்திக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி.

குருவம்மாளுக்கு வந்த வினையெல்லாம் இந்தப் பேர் நிற்கிற பழக்கத்தில் வந்ததுதான். அவளும், புருஷன் பெரியமுத்துவும், அவன் தம்பி பொன்ராஜும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் மலையேறியவர்கள். மூன்று பேருக்கும் லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறை. குருவம்மாள் கொழுந்து பறித்தாள். பொன்ராஜ் மலைக்காட்டில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினான். பெரியமுத்துவுக்குப் பேக்டரியில் சல்லடை ரூம் வாய்த்தது. மழையில் நனையாத வேலை, அட்டைக்கடி இல்லாத வேலை, கொடுத்துவைத்தவன் என்று லயமே பொறாமைப்பட்டது.

கொடுத்துவைத்த லட்சணத்தைக் கேளுங்கள். சல்லடை ரூம் என்பது காய்ந்த தேயிலையைப் பெரிசு சிறிசாகச் சலித்துப் பிரிக்கிற இடம். சன்னலைத் திறந்தால் ஈரம் புகுந்து தூள் கெட்டுவிடுமாம், அதனால் திறக்கவே மாட்டார்கள். உள்ளே நிற்கிறவன் நெஞ்சு கெட்டால் துரைக்கு என்ன? தூசியும் பஞ்சுமாகப் பறந்து புருவத்தில் படியும், மூக்கில் அடையும், துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். இரண்டாவது பனிக்காலத்தில் பெரியமுத்துவுக்கு இழுப்பு வந்தது.

ராத்திரி படுக்க முடியாது. உரலைக் கட்டிப்பிடித்து அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பான். விட்ட மூச்சை எடுப்பதற்கும் எடுத்த மூச்சை விடுவதற்கும் அவன் படுகிற பாட்டைப் பார்த்தால், பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். குருவம்மாள் தூதுவளைக் கஷாயம் வைத்தாள். ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை காட்டினாள். எல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"நீ கெட அண்ணே, நான் போயிட்டு வாரேன்" என்பான் பொன்ராஜ்.

காலையில் தன் பேருக்கு மலைக்காட்டில் கவ்வாத்து. மத்தியானத்துக்கு மேல் அண்ணன் பேருக்குச் சல்லடை. இருபது வயதுக் கட்டை, தாங்கும் என்று அவனும் நினைத்தான், அண்ணனும் மதினியும் நினைத்தார்கள். மார்கழியில் ஒரு நாள் மட்டும் இந்தக் கணக்குப் பிசகியது. கப்பலுக்குச் சரக்கு அனுப்ப வேண்டும் என்று சல்லடை ஆட்களைக் காலையிலேயே வரச்சொல்லிவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து மலைக்காட்டு ஆட்களுக்குப் புழு எண்ணெய் கொடுக்கிற நாள். மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கால் வழியாகப் புழு ஏறிக் குடலில் தங்கி ரத்தம் குடிக்குமாம். அதற்கு ஒரு எண்ணெய், அதன் பின்னால் பேதி உப்பு. குடிக்காதவனுக்கு ஒரு வாரத்துப் பேரும் கூலியும் கிடையாது. பேக்டரிக்காரனுக்கு மண்ணில் வேலை இல்லை, அதனால் எண்ணெயும் இல்லை.

பொன்ராஜ் பேக்டரிக்கு ஓடிவிட்டான். அவன் பேருக்கு யார் நிற்பது? முக்கி முனகி எழுந்து பெரியமுத்து போனான். "பொன்ராஜ்" என்று கூப்பிட்டதும் வாயைத் திறந்தான், ஊற்றினார்கள். மூன்று நாள் சுருண்டு கிடந்தான். தம்பி குடிக்க வேண்டிய எண்ணெய் அண்ணன் வயிற்றுக்குள் போயிற்று, தம்பி பேருக்கு நேரே கோடு விழுந்தது. அப்போது அதைச் சொல்லிச் சிரித்தார்கள்கூட.

அந்த எஸ்டேட்டின் நாலு டிவிஷனுக்கும் ஒற்றை ஆஸ்பத்திரி, ஒற்றை டாக்டர். கபிரியேல் என்று பேர், நாகர்கோவில் பக்கம். குட்டையான மனிதர். எந்நேரமும் தூக்கம் கெட்டவர் போலக் கண் சிவந்திருக்கும். கெட்டவர் இல்லை. ஆனால் காய்ச்சலும் பேதியும் பிரசவமுமாகக் காலையில் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் நல்லவனுக்கும் பொறுமை போய்விடும். அவர் பெரியமுத்துவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நோயின் குணம் அது. ராத்திரியெல்லாம் ஆட்டிவைத்துவிட்டு டாக்டரைக் கண்டதும் பூனை மாதிரி பதுங்கிவிடும்.

"அய்யா, இவருக்கு வெளிவேலை எழுதிக் குடுத்தீங்கன்னா பொழச்சுக்கிடுவாரு" என்றாள் குருவம்மாள்.

"எழுதலாம். தொரை ஒத்துக்க மாட்டாரு. சல்லடை ரூம்ல இருக்கவன் அத்தன பேரும் இழுப்புன்னு சொல்றான், நடிக்கிறானுவன்னு எனக்குக் காயிதம் போட்டிருக்காரு. அத்தாட்சி கேக்காரு." டாக்டர் மேசை மேல் இருந்த பித்தளை மைக்ராஸ்கோப்பைத் தட்டிக் காட்டினார். "ஒரு வழி இருக்கு. ரத்தத்துல வெள்ளை அணுன்னு உண்டும். அதுல ஒரு சாதிக்கு உள்ளார குருணை குருணையா இருக்கும், சாயம் போட்டா செக்கச்செவேல்னு தெரியும். சாதாரண ஆளுக்கு அது நூத்துல ரெண்டு மூணு. இழுப்புக்காரனுக்கு அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கும். வியாழக்கிழமை காலையில வரச்சொல்லு. வெரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பாத்துருவோம். வரலைன்னா நானும் நடிப்புன்னுதான் எழுதணும், பாத்துக்க."

வியாழக்கிழமை விடிந்தது. அன்றைக்கென்று பெரியமுத்துவுக்கு உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. ராத்திரி முழுக்க இழுத்திருக்கிறது. ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது. இரண்டடி வைப்பான், உட்காருவான். வாசற்படி தாண்டவே முடியவில்லை. நோய் இருக்கிறதா என்று காட்டப் போகவேண்டியவன், நோயினாலேயே போக முடியாமல் கிடந்தான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

"மதினி, நான் போயி அண்ணன் பேருக்கு நிக்கட்டா?" என்றான் பொன்ராஜ்.

குருவம்மாள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "போ. ஒரே வயித்துல பெறந்தவங்கதான. அண்ணன் ரத்தமும் தம்பி ரத்தமும் ஒண்ணுதான். பேரு மட்டும் சரியாச் சொல்லு" என்றாள்.

டாக்டருக்கு உதவியாளான டிரெஸ்ஸர் வேதமுத்து வரிசையாக நின்ற விரல்களைக் குத்திக்கொண்டே வந்தார். விரலைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. பெரியமுத்து என்றார், பொன்ராஜ் விரலை நீட்டினான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துக் குருவம்மாள் மருந்து வாங்கப் போனபோது டாக்டர் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தாள். "இங்க வா. ஒரு கண்ண மூடிக்கிட்டு இதுல பாரு" என்றார். அவள் பயந்துகொண்டே குனிந்தாள். வட்டமாக ஒரு வெளிச்சம். அதற்குள் வெளிறிய தட்டுத்தட்டாக என்னென்னவோ. நடுநடுவே உருண்டையாகச் சில. ரவையில் குங்குமத்தைப் பிசறினது மாதிரி அவற்றுக்குள் சிவப்புக் குருணை நிறைந்திருந்தது.

"நூத்துக்கு இருவது இருக்கு. இனி எவனும் நடிப்புன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

குருவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணன் தம்பி ரத்தம் ஒன்றுதான் என்று தான் சொன்னது பலித்துவிட்டதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட. படிக்காத பொம்பளையாக இருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே இறங்கினாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சிவப்புக் குருணை இழுப்புக்காரனுக்கு மட்டும் கூடுவதில்லை. வயிற்றில் புழு இருக்கிறவனுக்கும் கூடும். டாக்டருக்கு அது தெரியும். ஆனால் பெரியமுத்து மண்ணில் கால்வைக்காத பேக்டரிக்காரன், அவனுக்குப் புழு ஏது என்று விட்டுவிட்டார்.

வைகாசியில் துரை கையெழுத்துப் போட்டார். பெரியமுத்துவை நாற்று மேடைக்கு மாற்றினார்கள். தேயிலை நாற்றுக்குப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பது, மேலே காட்டுப் புல்லால் நிழல் போடுவது, களை பிடுங்குவது. திறந்தவெளி, நல்ல காற்று. ஒரு மாதத்தில் அவன் படுத்துத் தூங்கினான். அந்த முதல் ராத்திரி குருவம்மாள் தூங்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்காததால் பயந்துபோய் மூக்கில் கைவைத்துப் பார்த்துப் பார்த்தே விடிந்துவிட்டது. ஆவணியில் அவன் கன்னத்தில் சதை பிடித்தது. மறையூர் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு கறுப்புக் காப்பி குடிக்கும்போது ஏதாவது கேலி பேசுவான். கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று அவளுக்கு இருந்தது. சந்தோஷமாக இருந்தாள், அதை மறைப்பானேன்.

அந்தச் சந்தோஷத்தில் பொன்ராஜைப் பார்க்க மறந்துபோனாள்.

இப்போது அவனுக்கு ஒரு பேர்தான், ஒரு வேலைதான். அப்படியும் அவனால் முடியவில்லை. மேட்டில் ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். கவ்வாத்துக் கத்தி கையில் நிற்கவில்லை. பழைய அலுப்பு, போகப் போகச் சரியாகும் என்றான். லயத்தில் அவனைச் சோம்பேறி என்றார்கள். பெரியமுத்துகூட ஒரு நாள், "ஏல, ஒனக்கு ஒடம்பு வளையலையால?" என்று கடிந்துகொண்டான். புரட்டாசியில் ஒரு சாயங்காலம் குருவம்மாள் விறகோடு உள்ளே நுழைந்தபோது அவன் அடுப்போரம் குந்தியிருந்தான். அடுப்புச் சுவரின் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னல செய்த?"

"தெரியல மதினி. திங்கணும்போல இருக்கு" என்றான். வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு. நாக்கை நீட்டச் சொன்னாள். அதுவும் சுண்ணாம்பு. பாதம் வீங்கியிருந்தது, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. இத்தனை நாள் ஒரே அறையில் படுத்து எழுந்தும் இது தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இந்த முறை பொன்ராஜின் ரத்தம், பொன்ராஜ் என்ற பேரிலேயே. பார்த்துவிட்டு வந்து, "இவனுக்கும் இழுப்பு வர்ற கூறுதான். அவன் அண்ணன் ரத்தம் இருந்த மாதிரியே இருக்கு, அச்சு அசல். குடும்ப வியாதி" என்றார்.

"இவனுக்கு மூச்சுத் தொந்தரவு கெடையாதே அய்யா."

"உள்ள கெடக்கும், பெறகு வரும். ரத்தமும் கொறஞ்சிருக்கு. புழுவோன்னு பாத்தேன். மார்கழியிலதான் எண்ணெய் குடிச்சிருக்கான், பேர்ல கோடு இருக்கு. அது பொல்லாத எண்ணெய். குடிக்காதவனா இருந்தா இன்னைக்கே குடுத்துருவேன். குடிச்சவனுக்கு ஒரு வருசத்துக்குள்ள, இந்த ஒடம்புல, திரும்பக் குடுத்தா ஈரல் தாங்காது. இழுப்பு மருந்தும் இரும்புத் தண்ணியும் குடுப்போம்."

மலத்தைச் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே என்று இப்போது கேட்கலாம். கேட்கிறவர் அந்த வாசல் கூட்டத்தை ஒரு நாள் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். எண்ணெய் குடித்தவன் வயிற்றில் புழு ஏது என்று அவர் அதைத் தொடவில்லை.

எட்டு நாள் ஓடியது. இழுப்பில்லாதவனுக்கு இழுப்பு மருந்து போய்க்கொண்டிருந்தது. பொன்ராஜின் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. படுத்த இடத்திலேயே நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேல் தெரிந்தது. "மதினி, நான் ஊருக்குப் போயிருதேன். அங்கன கெடந்து சாவுதேன்" என்றான். அதைக் கேட்டுவிட்டுக் குருவம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

அவளுக்கு இரண்டு முடிச்சும் தெரிந்திருந்தது. எண்ணெய் பொன்ராஜ் வயிற்றுக்குப் போகவில்லை, இது ஒன்று. முதலில் பார்த்த ரத்தம் பெரியமுத்துவுடையது இல்லை, இது இரண்டு. முதலாவதை மட்டும் சொன்னால் என்ன? புருஷன் நாற்று மேடையிலேயே இருப்பான். ஆனால் டாக்டர், அண்ணன் ரத்தமும் இப்படித்தானே இருந்தது, இது குடும்ப வியாதிதான் என்று பழையபடி சாதித்துவிட்டால்? எண்ணெய் கொடுக்காமலே விட்டுவிட்டால்? அவளுக்கு மருத்துவம் தெரியுமா, மந்திரம் தெரியுமா? இரண்டையும் சொன்னால் பொன்ராஜ் பிழைப்பான். பெரியமுத்து மறுபடி அந்தத் தூசிக்குள் போவான். கீழே நாற்று மேடை அங்கிருந்தே தெரிந்தது. புருஷன் குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணில் எதைக் குத்திக்கொள்வது என்று கேட்டால் யார்தான் பதில் சொல்வார்கள்? அவனிடம் போய்க் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. கேட்டால் அவன் என்ன சொல்வான் என்பது தெரியாமல் இருப்பதே மேல் என்று தோன்றியது. திரும்பி உள்ளே போனாள்.

"அய்யா, எண்ணெ குடிச்சது இவன் இல்ல, எங்க வீட்டுக்காரரு. ரத்தம் குடுத்தது அவரு இல்ல, இவன்" என்றாள்.

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். சல்லடை, கப்பல் சரக்கு, மார்கழி, வியாழக்கிழமை, எல்லாம். பக்கத்தில் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்த வேதமுத்துவின் கை நின்றது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எட்டு நாளா நான் யாருக்கு என்னத்தக் குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரலில் கோபத்தைக் காணோம். "உங்கள்ல எவன் எவன்னு நான் எந்தக் குழாய வச்சுக் கண்டுபிடிக்க?"

அன்றைக்கே மலத்தைப் பார்த்தார். புழு முட்டை கொத்துக்கொத்தாக இருந்தது. மறுநாள் வெறும் வயிற்றில், பாதிப் பாதியாகப் பிரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து நாடி பிடித்துக்கொண்டு எண்ணெயைக் கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் புழு கொத்தாக வெளியே போயிற்று, மூன்றாம் நாள் பொன்ராஜ் கஞ்சி கேட்டான். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னார். குருவம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் போகாமல் நின்றார். வேதமுத்து பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக, "எண்ணெ விசயத்த மட்டும் நீ சொல்லியிருந்தாலே போதும், தாயே. நான் அன்னைக்கே மலத்தப் பாத்திருப்பேன். அந்த ரத்தத்தப் பத்தி எங்கிட்ட நீ சொல்லியிருக்க வேண்டாம்" என்றார்.

அவள் தூணை விட்டு எழுந்தாள். "நீங்க கேக்காதது மாதிரி இருந்துருங்கய்யா" என்றாள்.

"நான் இருப்பேன். வேதமுத்துவும் கேட்டான்லா. நேத்தே பேக்டரி ஆபீசு வரைக்கும் போயிருச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது இனி நடக்காது. பெரியமுத்துவை வரச்சொல்லி அவன் விரலிலேயே குத்தினார்கள். இந்த முறை டாக்டரே முகத்தைப் பார்த்துக் குத்தினார். ரத்தம் சுத்தமாக இருந்தது. நூற்றுக்கு மூன்று. நாலு மாதமாகத் தூசி இல்லை, இழுப்பு இல்லை, நல்ல தூக்கம். இருந்த குருணையும் வடிந்துபோயிருந்தது. வெளிக்காற்று அவனைக் குணப்படுத்திவிட்டது, அதனால் அவன் நோயாளி என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் போய்விட்டது.

டாக்டர் துரையிடம் போய் ஒரு மணி நேரம் பேசினார். திரும்பி வரும்போது இன்னும் குட்டையாகத் தெரிந்தார். பேர் மாற்றி ஏய்த்ததற்கு இரண்டு பேரையும் மலையிறக்கிவிடச் சொன்னாராம் துரை. கெஞ்சிக் கூத்தாடி அதைத் தடுத்துவிட்டார். ஆனால் பெரியமுத்து சல்லடை ரூமுக்குத் திரும்பவேண்டும். ரத்தத்தில் அத்தாட்சி வந்தால் அப்போது பார்க்கலாம்.

"கேட்டுக்க" என்றார் டாக்டர். பெரியமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அங்க போனா ஒனக்கு மறுபடி இழுப்பு வரும். வந்த ஒடனே, ஒண்ணு ரெண்டு நாள்ல, இங்க வா. அப்ப எடுத்தா ரத்தத்துல தெரியும். நான் எழுதிக் குடுத்துருதேன்."

"நோவு வரட்டும்னு காத்திருக்கச் சொல்றீங்க, என்ன அய்யா?" என்றான் பெரியமுத்து.

"ஆமா" என்றார் டாக்டர்.

புருஷனும் பெண்டாட்டியும் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். லயத்துக்குத் திரும்புகிற இடத்தில் பெரியமுத்து நின்றான்.

"சொல்லுததுக்கு முந்தி அவனா நானான்னு பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "எங்கிட்டக் கேட்டிருக்கலாம். நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றான். பிறகு, "சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கேன்" என்றான்.

எண்ணெய் விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதை அவள் அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. அது அவளோடு கிடக்கட்டும்.

பெரியமுத்து துண்டை நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சல்லடை ரூமுக்குப் போனான். உரலுக்குள் தலையைக் கொடுத்தவன் உலக்கைக்குப் பயந்து ஆகுமா? முதல் நாள் தும்மல். அடுத்து இருமல். ராத்திரி படுத்துத் தூங்கினான். குருவம்மாள்தான் தூங்காமல் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது சீராக வந்தது. விடிந்ததும் "ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பாள். "இல்ல" என்பான். இரண்டு பேருக்கும் அந்த 'இல்ல' கசந்தது. வராமலே இப்படியே இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? மெல்ல மெல்ல நெஞ்சு உள்ளே அரித்துப்போய், ஒரு நாள் ஒரேயடியாக வந்தால்? அவள் கொழுந்து பறிக்கும்போது கைபாட்டுக்குப் பறித்தது, மனசு பேக்டரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஊரில் அம்மன் கோவில் இருக்கிற திசையைப் பார்த்து, வந்துவிடட்டும் தாயே, சீக்கிரம் வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டின பிறகுதான் தான் எதை வேண்டினோம் என்பது உறைத்தது.

பொன்ராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். வீக்கம் வற்றி, கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. அடுப்போரம் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம். குருவம்மாள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

வாசலில் பெரியமுத்து வந்து நின்றான். புருவமெல்லாம் தூசி. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தான். நெஞ்சுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெலிசாக, நீளமாக, அவள் நன்றாக அறிந்த சத்தம்.

குருவம்மாள் களைந்த அரிசியோடு எழுந்தாள். "வந்துருச்சா?" என்றாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "நெசமா வந்துருச்சா?"

பெரியமுத்துவால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். மூச்சுக்கு நடுவே அவனும் சிரிக்கப் பார்த்தான்.

பொன்ராஜ் கையில் கிழங்கோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பார்வையைக் கண்ட பிறகுதான் குருவம்மாளுக்குத் தன் முகம் எப்படி இருக்கிறது என்பது தெரிந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, புருஷனின் முதுகைத் தடவிக்கொடுக்கப் போனாள். தடவத் தடவ அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"விடிஞ்சதும் போயிருவோம். இன்னைக்கு ராத்திரி மட்டும் கொறஞ்சிராம இருக்கணும்" என்றாள்.